ஐம்பது சொற்களுக்குள்

விழாக்காரர்கள் கேட்கிறார்கள்,
ஐம்பது சொற்களுக்குள் தன்குறிப்பு,
வெள்ளிக்கிழமைக்குள், ஒரு புகைப்படத்தோடு.

பவளக்கொடி. சேலம். ஆவணப்பட இயக்குநர்.
அதற்குள் நாலு போய்விட்டது.

தொழில் கற்ற இடம் என்று போட்டால்
அரிசிப்பாளையத்தில் மாடிப்படிக்குக் கீழே இருந்த
வீடியோ கடையைப் போட வேண்டும்.
மூன்று முடிச்சும் விழுந்த பிறகுதான்
பேட்டரி செத்திருப்பதைப் பார்த்தேன்.
நாலாவதாக ஒன்று போடச் சொன்னேன்.
போட்டார் மாப்பிள்ளை, முதல் மூன்றைவிட அழகாக.
ஆப்பிளுக்குள் மணப்பெண், இதயத்துக்குள் இருவரும்
என்று ஒட்டி ஒட்டிச் சேர்த்த காசில்
சொந்தக் கேமரா, தவணை போக.

கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கம்.
உச்சி வெயிலில் அந்த வெள்ளையை எடுக்க முடியாது,
திரையில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும்.
காலையில் மட்டும் சேர்வராயன் மலை
சூரியனைக் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கும்.
அந்த இருபது நிமிடம் என்னுடையது.
இரண்டு வருடம் அதற்குள் குடியிருந்தேன்.
'சூளைக்கு ஞாயிறு இல்லை',
பெயருக்கே மூன்று சொல்.

பள்ளி மைதானத்தில் போட்டுக் காட்டினோம்.
திரையில் யார் வந்தாலும் கூட்டம் பெயர் சொல்லிக் கத்தியது.
நாடகக்காரர் ஒருவரைப் பிடித்துப் பேச வைத்த வர்ணனை
ஒரு காதிலும் விழவில்லை.
அடுத்த படத்திலிருந்து வர்ணனையே இல்லை.
அதை என் பாணி என்று எழுதினார் ஒருவர்,
நானும் ஆமாம் என்றேன்.

நாகலூரில், காப்பிக்காட்டுப் பெண்களின் படம் ஓடும்போது
வேட்டித் திரைக்கு முன்னால் பனி வந்து நின்றது.
படம் பனியின் மேலேயே விழுந்தது.
ஒருத்தி எழுந்துபோய்
தன் முகத்துக்குள் நுழைந்து திரும்பி வந்தாள்.
"ஜில்லுனு இருக்கு என் மூஞ்சி."
இதற்கு எந்த விழாவிலும் பிரிவு கிடையாது.

விருதுகள் மூன்று. ஒன்று கண்ணாடி, ரயிலில் உடைந்தது.
கடனை எழுதினால் ஐம்பதும் அதற்கே சரியாகிவிடும்.

போன மாதம் ஒரு பெண் வந்தாள்,
கோகிலவாணி, ஓமலூரில் வங்கி வேலை.
"எங்கப்பா மாதேசன். உங்க படத்துல இல்லைங்க.
ஆனா எடுத்தீங்கன்னு அம்மா சொல்லும்."

பீரோ நிறைய டேப்புகள்.
இடையிடையே செருப்புக் கடைகளில் கேட்டு வாங்கிய
ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள்.
மூன்று ராத்திரி தேடினேன்.
எழுபத்திமூன்றாவதில் இருந்தார், பதினோரு நொடி.
கூடையை இறக்குகிறார்,
திரும்புகிறார்,
நேராக லென்ஸைப் பார்த்துச் சிரிக்கப் போகிறார்.

"இந்தப் பக்கம் பாக்காதீங்கண்ணா."

கண் தரைக்குப் போய்விடுகிறது.

பார்த்தால் உண்மை கெட்டுவிடும் என்று
அந்த வயதில் நம்பியிருந்தேன்.
கெட்டதை வெட்டினேன்.

அவள் நாலு முறை ஓட்டிப் பார்த்தாள்.
"யாருங்க அது, பாக்காதீங்கன்னு சொல்றது?"
நான்தான் என்று சொல்ல
ஒரு டீ ஆறும் நேரம் ஆயிற்று.
அவள் கோபப்படவில்லை.
"அந்தக் குரலை மட்டும் எடுத்துட்டுத் தர முடியுங்களா?"

எடுத்தேன். பத்து நிமிட வேலை.
அந்த இடத்தில் சூளைக் காற்றைக் கொஞ்சம் ஒட்டினேன்.
இப்போது அவர் திரும்புகிறார், பார்க்கிறார்,
யாரும் ஒன்றும் சொல்லாமலே
தலையைக் குனிந்துகொள்கிறார்.
நான் செய்ததிலேயே பெரிய பொய் அது.
ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன்.

நாலு சொல் அப்படியே கிடக்கிறது.
புகைப்படத்தையாவது முடிப்போம் என்று
நாலு ரோட்டு ஸ்டுடியோவில் உட்கார்ந்திருக்கிறேன்.
பையன் பொறுமைசாலி,
மூன்றாவது முறையாகச் சொல்கிறான்:
"இங்க பாருங்க மேடம்.
லென்ஸைப் பாருங்க."